மாடிக்கும் கீழுக்கும் ஒரே ஒயர்

வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. வயது நாற்பதைத் தொடப்போகிறது. காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. ஒரு பெரிய கல்லூரியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் முழுக்க அவள் பொறுப்பு. அங்கே அவள் உள்ளே நுழைந்தால் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அம்மா வழிச் சொந்தத்துக்குள் கால் வைத்தால் போதும், பாப்பாதான். பாப்பா கூப்பிட்ட குரலுக்கு வரவேண்டும். எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று பாப்பாவுக்குக் கிடையாது.

அம்மாதான் போனில் ஆரம்பித்துவைத்தாள்.

"பெரியம்மா பிரஸ்ஸுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடேன். ஏதோ ஒயரைப் பிரிக்கணுமாம்."

"எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லும்மா."

"கரண்ட் ஒயர் இல்லடி, கம்ப்யூட்டர் ஒயர். உன் மாமாவும் அதையேதான் சொன்னான்."

"ரெண்டு பேரும் பேசிக்கறாங்களா என்ன?"

"பேசிக்கிட்டா உன்னை எதுக்குக் கூப்பிடப்போறாங்க?"

பாப்பா போனை வைத்துவிட்டுப் பையில் லேப்டாப்பைத் திணித்தாள்.

அது தாத்தா ஆரம்பித்த அச்சகம். தாத்தாவுக்குப் பின்னால் மூத்தவளான பெரியம்மாவும், கடைக்குட்டியான மாமாவும் சேர்ந்து நடத்தினார்கள். நடுவில் பிறந்த அம்மா கல்யாணமாகிப் போனதால் தப்பித்தாள். பெரியம்மாவுக்கு லேபிள், அட்டைப்பெட்டி, மருந்து டப்பா உறை. எதிலும் ஓரம் ஒரு நூல் பிசகாது. மாமாவுக்கு அகலமான விளம்பரத் தட்டிகள், ஸ்டிக்கர், புதுசு புதுசாக மெஷின். இரண்டு பேரும் எப்போதும் முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்ப்பார்கள், ஆனால் பார்ப்பார்கள். ஒருநாள் காலையில் பெரியம்மா பிரஸ்ஸுக்கு வந்தபோது, தெருவில் கிரேன் நின்றுகொண்டிருந்தது. மாடி ஜன்னலைப் பெயர்த்து எடுத்துவிட்டு ஒரு மெஷினை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள். யானைக்குட்டி அளவு. அப்படி ஒரு மெஷின் வாங்கப்போவதாக மாமா அவளிடம் மூச்சுக்கூட விடவில்லை. பெரியம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றோடு பேச்சு போயிற்று. கீழ்த்தளம் அக்காவுக்கு, மாடி தம்பிக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அச்சடிக்கத் தேவையான பிளேட்டை எடுக்கும் மெஷின் மட்டும் தூசு ஆகாது என்று முதலிலிருந்தே மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்தது. அந்த அறையும் மெஷினும் பெரியம்மாவுக்கு. மாடியில் அவளுக்கென்று அந்த ஒரு தீவு.

பாப்பா போனபோது இரண்டு பேரும் தனித்தனியாக அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியம்மா சொன்னது: "மேல இருக்கறவன் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தா என் கோட்டேஷன் எல்லாம் தெரியுது பாப்பா. எனக்கு அது வேண்டாம்." மாமா சொன்னது: "கீழ இருக்கறவங்க என் டிசைனை எல்லாம் திறந்து பார்க்கறாங்க பாப்பா. இது நல்லாவா இருக்கு?"

படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை. காகிதக் கட்டுகளுக்கு நடுவே சுவரில் ஸ்விட்ச் மாட்டியிருந்தது. பீரோ அகலத்துக்கு ஒரு தட்டைப் பெட்டி, அதில் வரிசையாக போர்ட்டுகள், போர்ட்டுக்கு ஒரு ஒயர். பக்கத்திலேயே இன்டர்நெட் வரும் ரௌட்டர். அங்கேயிருந்து சுவருக்குள் போகும் ஒரு குழாய் வழியாக ஒரே ஒரு ஒயர் மாடிக்கு ஏறியது. மாடியில் இன்னொரு ஸ்விட்ச்.

"எனக்குத் தனி ஒயர் இழுத்துடு" என்றார் மாமா.

குழாயில் டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே சிமென்ட் கட்டி அடைத்திருந்தது. சுவரை உடைக்காமல் இன்னொரு ஒயர் போகாது. சுவரை உடைக்கலாமா என்று கேட்டதும், அது யார் சுவர் என்று ஒரு கேள்வி கிளம்பியது. கீழே பாதி மேலே பாதி. உடைக்கிற செலவை விடுங்கள், உடைக்க யார் சம்மதிப்பது? அந்தப் பேச்சைப் பாப்பா அப்படியே மூடினாள்.

"சுவரும் வேண்டாம், ஒயரும் வேண்டாம். இருக்கற ஸ்விட்ச்லயே பிரிச்சுத் தரேன். ரெண்டு வீலான்."

"அப்படின்னா?"

பாப்பா இதைக் கல்லூரியில் வருஷா வருஷம் புது ஆட்களுக்குச் சொல்பவள்தான். ஆனால் அவர்கள் யாரும் மாமா மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு கேட்பதில்லை.

"ஒவ்வொரு மெஷினுக்கும் கம்பெனியிலேயே ஒரு அடையாள நம்பர் போட்டு அனுப்பறாங்க மாமா. எந்த நம்பர் எந்த போர்ட்ல இருக்குன்னு ஸ்விட்ச் பார்த்துப் பார்த்து ஞாபகம் வச்சுக்கும். தெரிஞ்ச நம்பருக்கு ஏதாவது வந்தா நேரா அந்த போர்ட்டுக்கு அனுப்பிடும். தெரியலேன்னா எல்லா போர்ட்லயும் கத்தும். இப்ப நான் என்ன பண்ணப்போறேன்னா, இந்தெந்த போர்ட் பெரியம்மாவுது, இந்தெந்த போர்ட் உங்களுதுன்னு எழுதி வச்சிடுவேன். அதுக்கப்புறம் அது கத்தினாலும் அவங்கவங்க போர்ட்ல மட்டும்தான் கத்தும். அடுத்தவங்களுக்குக் கேக்காது."

"ரெண்டு பேர் சமாச்சாரமும் ஒரே ஒயர்லதானே மேல வருது?"

"ஒரே ஒயர்தான். ஆனா அதுல ஏறும்போது ஒவ்வொண்ணு மேலயும் வீலான் நம்பரை ஒட்டித்தான் ஏத்திவிடும். மேல இருக்கற ஸ்விட்ச் நம்பரைப் பார்த்து, அந்த நம்பர்க்காரங்க போர்ட்டுக்கு மட்டும் கொடுக்கும். பிளேட் மெஷினுக்கு வர்றது பிளேட் மெஷினுக்குத்தான் போகும்."

"நடுவுல யாராவது பிரிச்சுப் பார்த்தா?"

"நடுவுல சிமென்ட்தான் மாமா இருக்கு."

ஒருவழியாகச் சமாதானமானார். பாப்பா உட்கார்ந்து பெரியம்மாவுக்குப் பத்து, மாமாவுக்கு இருபது என்று நம்பர் போட்டாள். அங்கேதான் தப்பு செய்தாள். நம்பரைச் சத்தமாகச் சொல்லியிருக்கவே கூடாது.

"அதென்ன அவங்களுக்கு முதல் நம்பர், எனக்கு ரெண்டாவது?" என்றார் மாமா.

"அவனுக்கு எதுக்கு இருபது? என்னைவிட டபுளா?" என்றாள் பெரியம்மா அறை வாசலிலிருந்து, காற்றைப் பார்த்து.

"அது வெறும் நம்பர்! கதவு நம்பர் மாதிரி! பெரிசும் இல்ல சின்னதும் இல்ல!" பாப்பாவின் குரல் உயர்ந்துவிட்டது. இரண்டு பேரும் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்கள், பாப்பாவுக்குக் கோபம்கூட வருமா என்பதுபோல. கடைசியில் இருவருக்கும் நம்பரை மாற்றிவிட்டதாகப் பொய் சொன்னாள். யாரும் சரிபார்க்கப்போவதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவும் தம்பியும் அன்று ஒத்துப்போனார்கள். வெளியிலிருந்து இன்டர்நெட் வழியாக யாரும் உள்ளே நுழையக் கூடாது. பாப்பாவும் கூடாது. ஏதாவது கோளாறு என்றால் நேரில் வரவேண்டும்.

சாயங்காலம் எல்லாவற்றையும் சோதித்தாள். கீழே இருந்து மேலே எதுவும் தெரியவில்லை. மேலே இருந்து கீழே எதுவும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் இன்டர்நெட் வந்தது. பிளேட் மெஷின் பெரியம்மாவுக்குக் கிடைத்தது. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்தாள்.

இரண்டு வாரம் நிம்மதி. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, கல்லூரி மீட்டிங் நடுவில் போன்.

"பாப்பா, பிளேட் மெஷின் காணோம்."

"காணோம்னா?"

"கம்ப்யூட்டர்ல காணோம். மேல போய்ப் பார்த்தா இருக்கு."

பெரியம்மா போனை வைத்த சூட்டோடு மாமாவின் போன். "என் பிரின்டர் லிஸ்ட்ல அவங்க பிரின்டர் வருது பாப்பா. இப்பத்தான் ஒரு ஸ்டிக்கரை அனுப்பினேன். கீழ போய் விழுந்திருக்கு. யார் போய் எடுக்கறது?"

ஆறு மணிக்கு மேல் வேலை முடித்து, நெரிசலில் நசுங்கி, பிரஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தாள். எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிளேட் மெஷின் கிடைத்தது. மாமாவின் லிஸ்டில் மாமாவின் பிரின்டர் மட்டும்தான் இருந்தது.

"இப்ப சரியாத்தானே இருக்கு?"

"நீ வந்தா சரியாயிடுது" என்றாள் பெரியம்மா, அதுவும் பாப்பாவின் குற்றம்தான் என்கிற மாதிரி.

புதன்கிழமை மறுபடி போன். கீழே இருக்கும் கம்ப்யூட்டர்களில் பாதிக்கு மாமா பக்கத்து ஐ.பி. முகவரி வந்திருந்தது. காலையில் திறந்ததும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்கொரு முகவரி கேட்கும். அதனதன் பக்கத்துக்குத் தக்கபடி ரௌட்டர் கொடுக்கும். பத்தில் இருப்பவனுக்கு இருபதின் முகவரி எப்படி வரும்? வரவே முடியாது. பாப்பா போனிலேயே அதைச் சொன்னாள். "வராது பெரியம்மா." "வந்திருக்கே பாப்பா." இப்படி வராது, வந்திருக்கே என்று கால் மணி நேரம் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பும் புது ஒயர்களுமாகப் போய் இறங்கினாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டு ஸ்விட்சையும் வரி வரியாகப் பார்த்தாள். ஒரு எழுத்துப் பிசகு கிடையாது. ஒரு கோளாறும் தலைகாட்டவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் போன் வந்தது.

இதற்குள் அம்மாவுக்கும் செய்தி எட்டிவிட்டது. "நீ ஏதோ அரைகுறையா பண்ணிட்டேன்னு உன் பெரியம்மா வருத்தப்படறா. வாயைத் திறந்து சொல்லமாட்டா, ஆனா வருத்தம்."

"அரைகுறையாவா? நானா?"

"மாமா இன்னொண்ணு சொல்றான். நீ பெரியம்மா பக்கம் சாஞ்சுட்டியாம். வேணும்னே அவங்களுக்கு ஒரு வழி விட்டு வச்சிருக்கியாம்."

"பெரியம்மா என்ன சொல்றாங்க?"

"அவளும் அதையேதான் சொல்றா, மாமா பக்கம்னு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது அதில் ஒரு பேர் உண்டு. பாப்பாவுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது கடித்துவிடலாம் போல இருந்தது. புதன்கிழமை கல்லூரிக்கு லீவு போட்டாள். வேலை நாளில், வேலை நேரத்தில், கோளாறு பிறக்கும்போது அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது என்று முடிவு.

பிரஸ் திறக்கும்போதே போய்விட்டாள். படிக்கட்டு அறையில் ஒரு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஸ்விட்ச் தன் ஞாபகத்தில் வைத்திருக்கும் பட்டியலைத் திறந்தாள். எந்த அடையாள நம்பர், எந்த வீலான், எந்த போர்ட். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. வெளியே அச்சு மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. பட்டியலைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள்.

அரை மணி கழிந்திருக்கும். பட்டியல் சட்டென்று நீண்டது.

பத்தாம் வீலானில், அதாவது பெரியம்மா பக்கத்தில், மாமாவின் யானைக்குட்டி மெஷினுடைய நம்பர் வந்து உட்கார்ந்திருந்தது. அதன் பின்னாலேயே மாமாவின் மூன்று கம்ப்யூட்டர்கள். எல்லாம் ஒரே போர்ட் வழியாக. பதினேழு. மாடிக்குப் போகும் ஒயர் வழியாக வந்தால்கூட ஒரு அர்த்தம் உண்டு. அது பதினேழு இல்லை. அதைவிடக் கூத்து, ரௌட்டரின் நம்பர் ஒரு கணம் தன் சொந்த போர்ட்டில் இருந்தது, மறுகணம் பதினேழில் இருந்தது, மறுபடி சொந்த போர்ட். பாவம் ஸ்விட்ச், ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அங்கேயும் இங்கேயும் அலைந்தது. பிளேட் மெஷின் காணாமல் போகாமல் என்ன செய்யும்?

"யாரோ ரெண்டையும் சேர்த்துக் கட்டியிருக்காங்க" என்று வாய்விட்டே சொன்னாள்.

பதினேழாம் போர்ட்டில் அவள் கையெழுத்திலேயே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: கணக்கு. ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள். அது சுவரோரமாகப் படியேறியது. பாப்பாவும் ஏறினாள். படிக்கட்டு பாதியில் திரும்பும் இடத்தில் ஒரு அகலமான மேடை. அங்கே ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் கணக்கர்.

கணக்கர், தாத்தா காலத்து ஆள் இல்லை என்றாலும் பெரியம்மாவும் மாமாவும் பேசிக்கொண்டிருந்த காலத்து ஆள். பிரிவினையின்போது எல்லாவற்றையும் பிரித்தார்கள், இவரை மட்டும் பிரிக்க முடியவில்லை. இரண்டு கணக்கும் இவர் தலையில்தான். கீழே உட்கார வைத்தால் மாமாவுக்குச் சந்தேகம், மேலே உட்கார வைத்தால் பெரியம்மாவுக்கு. அதனால் நடுப்படியில் மேஜை போட்டார்கள். முழங்கால் வேறு அவருக்கு மக்கர்.

"வா பாப்பா" என்றார் அவர், சந்தோஷமாக. "நெட்டெல்லாம் நல்லா வருது இப்ப."

பாப்பா குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். குப்பைக்கூடைக்குப் பின்னால், தூசு படாமல் இருக்க ஒரு கைக்குட்டையைப் போர்த்திக்கொண்டு, சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதில் கீழேயிருந்து வந்த ஒயர் ஒன்று. மேலேயிருந்து வந்த ஒயர் ஒன்று. கணக்கரின் கம்ப்யூட்டருக்குப் போவது ஒன்று.

"இது என்ன சார்?"

"அதுவா? அது ஒரு நல்ல சாமான். கம்ப்யூட்டர்ல ஒயர் சொருக ஒரே ஒரு ஓட்டைதானே இருக்கு. அம்மா கணக்கைப் பார்க்கணும்னா கீழ் ஒயரைச் சொருகணும். சார் கணக்குன்னா அதைப் பிடுங்கிட்டு மேல் ஒயர். நாள் பூரா இதே வேலை. முழங்கால் போட்டுக் குனிஞ்சு குனிஞ்சு... போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒயர் முனையில இருக்கற கிளிப்பும் உடைஞ்சுபோச்சு. ரிப்பேர் கடைக்காரர்கிட்ட கேட்டேன். இதை வாங்கிப் போடுங்க, எல்லாத்தையும் இதுலயே சொருகிடுங்க, எல்லாம் வரும்னார். வந்துது."

"எல்லாம் வந்துது" என்றாள் பாப்பா.

"சாயங்காலம் போகும்போது மறக்காம அதோட சுவிட்சை அணைச்சுட்டுத்தான் போவேன். கரண்டு வீணாகக் கூடாதில்ல?"

பாப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் வந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும், இந்தச் சோப்பு டப்பா அணைந்து கிடந்திருக்கிறது. ஒரு மனிதர் சிக்கனமாக இருந்ததால் அவள் வீணாக நெரிசலில் நசுங்கியிருக்கிறாள்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா சார்?"

"யார் கேட்டாங்க?" என்றார் கணக்கர். குரலில் லேசாக ஒரு வருத்தம். "பிரிக்கும்போது யாராவது என்கிட்ட வந்து, உங்களுக்கு எந்தப் பக்கம் வேணும்னு கேட்டாங்களா? நீயும் கேட்கலையே பாப்பா. ஆளுக்கொரு ஒயரை நீட்டிட்டுப் போனீங்க."

உண்மைதான். அவருடைய மேஜைக்கு ஒயர் எது என்று பாப்பா முதலாளிகள் இருவரையும்தான் கேட்டாள். அவர் எங்க ஆள் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். சரி என்று இரண்டு ஒயரும் போட்டாள். உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு எத்தனை கை என்று பார்க்கவில்லை. கோபப்படலாம் என்று திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

வழி இல்லாமல் இல்லை. கணக்கருக்கென்று மூன்றாவதாக ஒரு வீலான். அவர் அதில் இருப்பார். வீலானிலிருந்து வீலானுக்கு ஸ்விட்ச் தானாக எதையும் விடாது. ரௌட்டர் வழியாகத்தான் போகவேண்டும். யார் எங்கே போகலாம் என்று ரௌட்டரிடம் எழுதி வைக்கலாம். கணக்கர் கீழேயும் போகலாம், மேலேயும் போகலாம். ஆனால் கீழே இருப்பவர் மேலே போகமுடியாது. வேலை பத்து நிமிஷம். சம்மதம் வாங்கத்தான் ஆயுள் போதாது.

பெட்டியிலிருந்து இரண்டு ஒயரையும் பிடுங்கினாள். அப்படியே நின்று, கீழே பார்த்து ஒரு தடவை, மேலே பார்த்து ஒரு தடவை கத்தினாள்.

"பெரியம்மா! மாமா! ரெண்டு பேரும் இங்க வாங்க. வந்தாத்தான் நெட்டு!"

பெரியம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கீழ்ப்படியில் வந்து நின்றாள். மாமா மேல்படியில். இரண்டு பேரும் மேடைக்கு வரவில்லை. நடுவில் கணக்கர், தன் வீட்டுக்குள் போலீஸ் வந்துவிட்ட மாதிரி எழுந்து நின்றார்.

பாப்பா நடந்ததைச் சொன்னாள். இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டதையும், கணக்கர் மேல் தப்பில்லை என்பதையும், மூன்றாவது வீலானையும்.

பெரியம்மா கேட்டது ஒன்றைத்தான். "அப்ப இத்தனை நாளா என் ஃபைல் எல்லாம் அங்க தெரிஞ்சிருக்கு?"

"பகல்ல தெரிஞ்சிருக்கும்."

"பார்த்தானா?"

பாப்பா மாமாவைப் பார்த்தாள். மாமா மேலே ஒட்டடையைப் பார்த்தார்.

"அவங்க பார்க்கலையாமா?" என்றார் மாமா, ஒட்டடையிடம்.

"நான் எதுக்குப் பார்க்கறேன்? என்னமோ மூணு மாசமா அந்தப் பெரிய மெஷின் பாதி நாள் சும்மாவே நிக்குதுன்னு..." பெரியம்மா சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"பார்த்திருக்கே!" மாமா ஒரு படி இறங்கினார். "என் ஜாப் லிஸ்டைத் திறந்து பார்த்திருக்கே!"

"கண்ணுல பட்டுது. நீ பார்க்கலேன்னு உன் குழந்தை மேல சத்தியம் பண்ணு."

"பார்த்தேன். பார்த்ததுனாலதான் சொல்றேன். அந்த மருந்துக் கம்பெனி லேபிள் இருக்கே, குளிர்பெட்டியில வைக்கிற பாட்டிலுக்கு. அதுக்குச் சாதாப் பசை ஸ்டிக்கர் ரோலைப் போட்டிருக்கே. குளிர்ல ஒரே நாள்ல உரிஞ்சு வந்துடும்."

பெரியம்மாவின் முகம் மாறியது. கீழே மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. அங்கே ஓடிக்கொண்டிருந்ததே அந்த லேபிள்தான். முதல் பாதி ஏற்கெனவே அச்சாகி, டப்பாக்களில் அடுக்கி, வாசலோரம் வண்டிக்காகக் காத்திருந்தது.

"எப்ப பார்த்தே?"

மாமா மறுபடி ஒட்டடையைப் பார்த்தார்.

"எப்பன்னு கேட்டேன்."

"போன வியாழக்கிழமை."

"வியாழக்கிழமையிலேர்ந்து தெரியும். வாயைத் திறக்கல."

"எப்படித் திறக்கறது? உனக்கெப்படித் தெரியும்னு கேட்பியே!"

"கேட்டா என்ன? திட்டிட்டுப் போறேன்! திட்டுக்குப் பயந்துக்கிட்டு, தெரிஞ்சே ஓட விடுவியா? யார் பேர்டா வாசல்ல ரெண்டு போர்டுலயும் இருக்கு? அப்பா பேர்தானே இருக்கு? லேபிள் உரிஞ்சா என் பேரா கெடும்?"

"கிரேனைக் கொண்டாந்து நிறுத்தினப்ப நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும் சொல்லியிருப்பேன்! அண்ணாந்து பார்த்துட்டு உள்ள போனே பாரு, அதோட சரி!"

"நான் கேட்கணுமா? வாங்கினவன் நீ, கேட்கணும் நானா?"

பேசிக்கொண்டே இரண்டு பேரும் மேடைக்கு வந்துவிட்டார்கள். பாப்பா பிடுங்கின ஒயர்கள் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். கணக்கர் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை ஜாக்கிரதையாக எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டார். சத்தம் கேட்டு மெஷின் ஆள் எட்டிப்பார்த்தான். பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "மெஷினை நிறுத்துடா!" என்று ஒரு அதட்டல் போட்டாள். தடதடப்பு அடங்கியது. அந்த அமைதியில் அவர்கள் குரல் இன்னும் பெரிதாகக் கேட்டது.

"மூணாவது வீலான் போடட்டுமா, வேண்டாமா?" என்று பாப்பா இரண்டு தடவை கேட்டாள். யார் காதிலும் விழவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பி, "எதையாவது போடேன்!" என்றார்கள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

படிக்கட்டு அறையில் உட்கார்ந்து வேலையை முடிக்கும்வரை தலைக்கு மேல் சண்டை ஓடிக்கொண்டேயிருந்தது. முப்பது என்று நம்பர் போட்டாள், யாரிடமும் சொல்லவில்லை. கணக்கர் மேஜைக்கு இனி ஒரே ஒயர். சோப்பு டப்பாவைத் தன் பையில் போட்டுக்கொண்டாள், மறுபடி யாரும் அதை எடுத்துச் சொருகாமல் இருக்க. வெளியே வந்தபோது சண்டை குளிரில் உரியாத பசை ரோலுக்கு வந்திருந்தது. மாமாவிடம் மேலே இருப்பு இருந்தது. கொடுக்கிறேன் என்றார். சும்மா வேண்டாம், பில் போட்டுக் கொடு என்றாள் பெரியம்மா. பில் போடாம கொடுக்க நான் என்ன பைத்தியமா என்றார் மாமா.

அச்சான பாதி லேபிள் அப்படியே குப்பைக்குப் போயிற்று. மருந்துக் கம்பெனிக்கு மூன்று நாள் தாமதம். பெரியம்மா நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அவளுக்கு அது பெரிய அடி. பிரஸ் ஒன்றாகவில்லை. வாசலில் இரண்டு போர்டுகள் இன்னமும் தனித்தனியாகத்தான் தொங்குகின்றன. அக்காவும் தம்பியும் பேசுகிறார்கள் என்று சொல்லமுடியாது, சண்டை போடுகிறார்கள். முன்னே அதுவும் இல்லை.

பாப்பாவின் பாடுதான் தீரவில்லை. அடுத்த மாதம் பெரியம்மா போன் செய்தாள். "பாப்பா, ஒரு பெரிய தட்டி ஆர்டர் வந்திருக்கு. மேல அந்த மெஷின்ல அடிச்சுக்கலாம்னு இருக்கேன். என் கம்ப்யூட்டர்லேர்ந்து அந்த மெஷினுக்கு மட்டும் வழி விடு. மத்த எதுவும் தெரியக் கூடாது." போய் ரௌட்டரில் ஒரு வரி எழுதிவிட்டு வந்தாள். அது ஆறுவதற்குள் மாமா. "பிளேட் மெஷின் எனக்கும் அப்பப்ப தேவைப்படுது. அதுக்கு மட்டும்." இன்னொரு வரி. பிறகு கீழே இருக்கும் ஸ்கேனர். மேலே இருக்கும் கலர் பிரின்டர். அதுவும் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும், எல்லாவற்றுக்கும் இல்லை.

எட்டாவது வரியோ ஒன்பதாவது வரியோ எழுதப் போன அன்று பாப்பாவுக்குப் பொறுமை அறுந்தது. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"பெரியம்மா, ஒண்ணு சொல்றேன். இப்படி ஓட்டை ஓட்டையா போட்டுக்கிட்டே இருக்கறதுக்கு, பேசாம வீலானையே எடுத்துடறேனே. பழையபடி ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும். ஒரு நிமிஷ வேலை."

பெரியம்மா கையிலிருந்த லேபிளைக் கீழே வைத்தாள். பாப்பா ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்ட மாதிரி பார்த்தாள்.

"அதெப்படி முடியும்? நாங்கதான் தனித்தனியா ஆயிட்டோமே."

மேலே கண்ணாடி அறையிலிருந்து மாமா படிக்கு வந்து எட்டிப்பார்த்தார். அவர் பிளேட் எடுக்க வந்திருந்தார், பெரியம்மாவின் மெஷினில்.

"அக்கா சொல்றது சரிதான் பாப்பா. பிரிஞ்சா பிரிஞ்சதுதான். எனக்கு இந்த மெஷின் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் மட்டும் கிடைச்சா போதும்."

"வியாழக்கிழமை எனக்கு வேணும்" என்றாள் பெரியம்மா.

"அப்ப வெள்ளி."

"வெள்ளி மத்தியானத்துக்கு மேல."

பாப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படிக்கட்டு அறைக்குத் திரும்பிப் போனாள். காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, கிழமைவாரியாக வழி விடுவது எப்படி என்று தேட ஆரம்பித்தாள்.